நெட் எந்த இடத்தில் நின்றது? வீட்டு பிராட்பேண்ட் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

ரவுட்டரின் பின்பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். பக்கத்தில் ரீசெட் என்று அச்சிட்டிருக்கும். நெட் நின்றதும் பலர் முதலில் செய்வது, அதில் குண்டூசியை விட்டுப் பத்து நொடி அழுத்துவதுதான். அந்தப் பத்து நொடியில், இணைப்பு கொடுத்தவர் உள்ளே எழுதிவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (உங்கள் இணைப்புக்குக் கம்பெனி ஒதுக்கிய பாதை எண்) எல்லாம் அழிந்துபோய்விடும். பழுது தெருமுனைப் பெட்டியில் இருந்திருக்கலாம். அதைச் சாயங்காலம் சரிசெய்தும் விடுவார்கள். தெருவில் எல்லோருக்கும் நெட் வந்துவிடும், உங்கள் வீட்டுக்கு மட்டும் வராது. ஆள் வந்து மறுபடி எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சுவிட்சை அணைத்துப் போடுவது ரீஸ்டார்ட். அதில் எதுவும் அழியாது; எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். ஊசி விடுவது ரீசெட். செட்டிங்ஸ் முழுவதும் தாளில் எழுதிவைத்திருப்பவர்கள் மட்டும், வேறு எதுவும் பலிக்காத நிலையில் செய்ய வேண்டியது அது.

பழுது பார்ப்பதில் பாதி வேலை, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். தெருவிலிருந்து உங்கள் கைபேசி வரை நெட் வரும் வழியில் சில கட்டங்கள் உண்டு. முதலில் வெளியிலிருந்து வரும் ஃபைபர். அடுத்து, அந்த ஒளியை மின்சிக்னலாக மாற்றும் பெட்டி, ஓ.என்.டி., ஓ.என்.யு. என்று பெயர் இருந்தாலும் வீட்டில் எல்லோரும் மோடம் என்றே சொல்கிறோம்; வைஃபை தரும் ரவுட்டரும் பல வீடுகளில் இதே பெட்டிக்குள்தான். மூன்றாவது, கம்பெனியின் சர்வரில் நடக்கும் லாகின். நான்காவது, வீட்டுக்குள் ஓடும் லேன் கேபிளும் வைஃபையும். கடைசியாக கைபேசி, லேப்டாப், டி.வி. வெளியிலிருந்து உள்ளே வரும் இந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் இடம் பிடிபட்டுவிடும். இடம் தெரியாமல் செட்டிங்ஸை மாற்றினால், ஒரு பழுது இரண்டு பழுதாகும்.

தொடங்கும் முன் கைபேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வைஃபையில் நெட் இல்லாதபோது கைபேசி சத்தமில்லாமல் சிம் நெட்டுக்குப் போய்விடும். "என் போன்ல வருதே, உன் போன்லதான் வரல" என்று வீட்டுக்குள் நடக்கும் வாக்குவாதம் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

விளக்குகள் சொல்வது

மோடத்தின் முகப்பில் வரிசையாகச் சின்ன விளக்குகள் இருக்கும். பவர், பான், எல்.ஓ.எஸ்., இன்டர்நெட், வைஃபை என்று பெயர் போட்டிருப்பார்கள். இதில் எல்.ஓ.எஸ். என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. சாதாரணமாக அது அணைந்தே இருக்க வேண்டும். சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, ஃபைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில் வைஃபை பாஸ்வேர்டை மாற்றியும் பயனில்லை, ரவுட்டரை மாற்றியும் பயனில்லை.

எல்.ஓ.எஸ். அணைந்திருக்கிறது, பான் மட்டும் விடாமல் மினுக்குகிறது என்றால், ஒளி வருகிறது. ஆனால் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவி உங்கள் மோடத்தை இன்னும் அடையாளம் காணவில்லை. பவர் போட்ட முதல் ஒன்றிரண்டு நிமிடம் இப்படி மினுக்குவது இயல்பு. ஐந்து நிமிடம் கழித்தும் நிற்கவில்லை என்றால், ஒளி மிகவும் பலவீனமாக வருகிறது, அல்லது மோடத்தின் சீரியல் எண் அந்தப் பக்கம் பதிவாகவில்லை. மோடத்தை மாற்றிய கையோடு நெட் வராமல் போனால் பெரும்பாலும் இரண்டாவது காரணம்.

பான் நிலையாக எரிகிறது, இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்தோ சிவப்பாகவோ இருக்கிறது என்றால் ஃபைபரில் குறை இல்லை, லாகினில் தடை. எல்லா விளக்கும் சரி, ஆனால் நெட் இல்லை என்றால் குறை பெரும்பாலும் வீட்டுக்குள். விளக்கே இல்லை, அல்லது எல்லாம் சேர்ந்து அணைந்து அணைந்து எரிகிறது என்றால் அடாப்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

அடாப்டர் விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. மோடத்தின் அடியில் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது 1.5 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். வீட்டில் கிடக்கும் செட்டாப் பாக்ஸ் அடாப்டரின் முனை அதில் பொருந்திவிடுகிறது என்பதற்காகச் செருகக் கூடாது. வோல்ட் சரியாக அதே அளவு இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. குறைந்தால் மோடத்தின் விளக்குகள் எரியும், வைஃபைகூடத் தெரியும். நாலு பேர் சேர்ந்து வீடியோ பார்க்க ஆரம்பித்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகும். பழைய அடாப்டரும் இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துபோய் இதே தொல்லையைக் கொடுக்கும். மோடத்தை மாற்றும் முன் அதே அளவுள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பார்ப்பது செலவு குறைந்த சோதனை.

வெயிலும் இதே அறிகுறியைத் தரும். வீட்டில் வைக்கும் மோடங்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று குறிப்பிட்டு விற்கப்படுகின்றன. கத்திரி வெயிலில் மதுரையில் வெளியிலேயே அந்த அளவு வந்துவிடுகிறது. தகரக் கூரைக்குக் கீழே, பரண் மேல், மூடிய டி.வி. அலமாரிக்குள் வைத்தால் உள்ளே சூடு இன்னும் கூடும். மதியம் நெட் அறுந்து அறுந்து வந்து, இரவில் ஒழுங்காக ஓடினால் முதலில் மோடத்தின் மேல் கை வைத்துப் பாருங்கள். காற்றோட்டமான இடத்தில், சுவரில் நிறுத்தி மாட்டினால் போதும். தனியாக விசிறி எதுவும் வேண்டாம்.

ஃபைபர்: உடையாமலே கெட்டுப்போகும் கம்பி

எல்.ஓ.எஸ். சிவப்பு என்றால் உடனே தெருவைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. மோடத்தில் செருகியிருக்கும் மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை ஒயரைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். உள்ளே ஓடுவது தலைமுடிப் பருமனுள்ள கண்ணாடி இழை. செம்புக் கம்பியை மடிக்கலாம். இதை மடித்தால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். சுருட்டி வைக்கும்போது வளையம் ஒரு டீ டம்ளரின் வாயளவுக்காவது அகலமாக இருக்க வேண்டும். பீரோவை நகர்த்தும்போது அடியில் நசுங்குவது, ஜன்னல் கதவு இடுக்கில் மாட்டுவது, சுவரில் ஆணி அடித்து இறுக்கிக் கட்டுவது ஆகிய மூன்றும்தான் வீட்டுக்குள் அதிகம் நடப்பவை. நசுங்கிய இடத்தை விடுவித்ததும் சிவப்பு அணைந்து நெட் திரும்பிவிடுவதும் உண்டு.

ஒயரின் முனையில் இருக்கும் கிளிப்பின் நிறத்தைக் கவனியுங்கள். பச்சை என்றால் உள்ளே இருக்கும் கண்ணாடி முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீலம் என்றால் சாய்வில்லாதது. இரண்டும் ஒரே வடிவம். ஒன்றுக்குள் ஒன்று அழகாகச் செருகிக்கொள்ளும். ஆனால் பச்சை முனையை நீலத் துளையில் செருகினால் இரண்டு கண்ணாடியும் முழுதாக ஒட்டாமல் நடுவே இடைவெளி விழும், ஒளியின் பெரும்பகுதி அங்கேயே வீணாகும். சுவர்ப் பெட்டிக்கும் மோடத்துக்கும் இடையில் போகும் ஒயரைக் கடையில் வாங்கி மாற்றுபவர்கள் இந்த நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டும். மோடத்தின் துளை எந்த நிறமோ, செருகும் முனையும் அதே நிறம்.

முனையைக் கழற்றினால் விரலால் தொடாதீர்கள், சட்டையில் துடைக்காதீர்கள். ஒளி போகும் பாதை 9 மைக்ரான்தான்; விரல் எண்ணெய் ஒட்டினாலே போதும், அடைத்துக்கொள்ளும். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவும் கூடாது. இதில் வரும் ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

ஒளி எவ்வளவு வருகிறது என்பதை மோடமே எண்ணாகச் சொல்லும். வைஃபையில் இணைந்தபடி பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் மோடத்தின் பக்கம் திறக்கும். ஜியோ பெட்டியாக இருந்தால் 192.168.29.1, சில கம்பெனிகளின் ரவுட்டரில் 192.168.0.1. யூசர்நேமும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே பான் அல்லது ஆப்டிகல் என்ற பக்கத்தில் ஆர்.எக்ஸ். பவர் என்று, டி.பி.எம். அளவில் ஒரு மைனஸ் எண் காட்டும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை இருந்தால் நிம்மதி. பரவலாகப் பயன்படும் ஜீபான் மோடத்தின் எல்லை மைனஸ் 27. அதற்குக் கீழே போனால் தொடர்பு அறும். மைனஸ் 25, 26 என்று நின்றால் நெட் வரும், ஆனால் நம்ப முடியாது. கொஞ்சம் காற்றடித்தாலே போகும். அதேபோல மைனஸ் 8-க்கு மேல் (மைனஸ் 7, 6 என்று) போனாலும் தவறு, ஒளி அளவுக்கு மீறி வருகிறது.

இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் ஆபரேட்டரிடம் பேசுவது எளிது. எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும்போது ஒளி பிளஸ் 3 அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டிகள் அதை 32 வீடுகளுக்குப் பங்கு போடும். அதில் சுமார் 17 கழியும். ஐந்து கிலோமீட்டர் ஃபைபரில் ஒன்றரைக்குள் கழியும். இணைப்புகளிலும் ஒட்டுகளிலும் ஒன்று இரண்டு. கூட்டிக் கழித்தால் உங்கள் வீட்டில் மைனஸ் 17 பக்கம் இருக்க வேண்டும். 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. போன மாதம் மைனஸ் 18 இருந்தது இன்று மைனஸ் 25 என்றால், எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது ஒட்டு கெட்டிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் வந்து சேர்கிறது. நெட் நன்றாக ஓடும் நாளிலேயே இந்த எண்ணைப் பார்த்து மோடத்தின் மேல் பென்சிலால் எழுதிவையுங்கள். பழுது நாளில் இதைவிட உதவும் தகவல் கிடையாது.

வெளியே ஒயருக்கு வரும் ஆபத்துகள் ஊருக்கு ஊர் வேறு. அணில் கடிக்கும், எலி கடிக்கும். அழகர்மலை அடிவாரம் போலக் குரங்கு நடமாடும் இடங்களில் அது தொங்கும் கேபிளைப் பிடித்து ஊஞ்சலாடும். மதுரை மாசி வீதிகளில் சித்திரைத் தேரோட்ட நேரத்தில் குறுக்கே போகும் கேபிள்களை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும். ஒட்டுகள் அசைந்து ஒளி குறைவது இதுபோன்ற வேலைகளுக்குப் பிறகுதான். இவை எதையும் வீட்டுக்காரர் தொட முடியாது, தொடவும் கூடாது, எல்.ஓ.எஸ். சிவப்பு, வீட்டுக்குள் மடிப்பு இல்லை என்று உறுதிசெய்த பின் போன் செய்ய வேண்டியதுதான்.

கரண்ட் போனால் நெட்டும் போவது ஏன்?

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, மோடம் எரிகிறது, ஆனாலும் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் நெட் இல்லை என்பது பல வீடுகளில் கேட்கும் குறை. ஃபைபர் உங்கள் வீடு வரை வந்தால் வழியில் இருக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. அது வெறும் கண்ணாடி. எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டரும் பேட்டரியும் ஒழுங்காக இருந்தால் தெருவே இருண்டாலும் உங்களுக்கு நெட் வர வேண்டும். ஆனால் சில தெருக்களில் ஃபைபர் முனை வரைதான் வந்திருக்கும். அங்கிருந்து வீடுகளுக்கு லேன் கேபிளை மாடிக்கு மாடி இழுத்திருப்பார்கள். அந்த முனையில் ஒரு சுவிட்ச் பெட்டி யாரோ ஒருவர் வீட்டு மாடியில், அவர்கள் கரண்டில் ஓடிக்கொண்டிருக்கும். அது அணைந்தால் பின்னால் இருக்கும் எல்லா வீட்டிலும் நெட் அணையும். உங்கள் வீட்டுக்கு வருவது மெல்லிய ஃபைபரா, எட்டுக் கம்பி உள்ள தடித்த லேன் கேபிளா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். லேன் கேபிள் என்றால் இன்வெர்ட்டரால் பயனில்லை. கோடை மழை இடியின்போது மாடிகளின் மேல் ஓடும் அந்தக் கேபிள் மின்னல் அதிர்வை ரவுட்டருக்குள் கொண்டுவரவும் செய்யும். இடி இடிக்கும்போது அதைப் பிடுங்கி வைப்பது நல்லது. வாய்ப்பிருந்தால் ஃபைபருக்கு மாற்றிக் கேளுங்கள்.

ஃபைபர் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை என்றால் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று போதும். மோடத்தின் ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள்.

லாகின்

பான் நிலையாக எரிந்து இன்டர்நெட் விளக்கு எரியாவிட்டால், பிரவுசரில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து, அதில் வான் (வெளி இணைப்பு) என்ற பகுதியைப் பாருங்கள். பி.எஸ்.என்.எல். ஃபைபரிலும், பல உள்ளூர் ஆபரேட்டர்களிடமும் பிபிபிஓஇ என்ற முறை உண்டு. யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்தால்தான் உள்ளே விடும். கணினியில் நேரடியாக டயல் செய்பவர்களுக்கு 691 என்ற எண் வந்தால் யூசர்நேமோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. தட்டச்சுப் பிழை ஒரு காரணம். பில் கட்டாமல் நிறுத்தியிருப்பது இன்னொரு காரணம், இதுதான் அதிகம். 651 என்றால் கணினிக்கும் சர்வருக்கும் இடையில் பாதையே கிடைக்கவில்லை, கேபிளைப் பாருங்கள்.

கரண்ட் சட்டென்று போய் வந்த பிறகு, எல்லாம் சரியாக இருந்தும் லாகின் மறுக்கப்படுவது உண்டு. மோடம் சொல்லிக்கொள்ளாமல் அணைந்ததால் சர்வரில் பழைய லாகின் இன்னும் திறந்தே கிடக்கும்; ஒரு கணக்குக்கு ஒரு லாகின்தான் என்று வைத்திருப்பவர்கள் புதியதை விடமாட்டார்கள். திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்வதைவிட, மோடத்தை அணைத்துப் பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். பழையது காலாவதியாகிப் புதியது ஏறிக்கொள்ளும்.

சொந்தமாக ரவுட்டர் வாங்கி மாட்டுபவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: யூசர்நேமும் பாஸ்வேர்டும், விலான் எண், பழைய ரவுட்டரின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) சர்வரில் கட்டிவைத்திருக்கிறார்களா என்பது. மூன்றாவது இருந்தால் புதிய ரவுட்டரில் மேக் குளோன் என்ற இடத்தில் பழைய முகவரியை எழுத வேண்டும், அல்லது ஆபரேட்டரிடம் சொல்லி அவிழ்த்துவிடச் சொல்ல வேண்டும். பிபிபிஓஇ இணைப்பில் எம்.டி.யு. என்ற எண் (ஒரு தடவையில் அனுப்பும் தகவல் துண்டின் அளவு, பைட்டில்) 1492 ஆக இருக்கட்டும். வழக்கமான 1500-ல் இந்த முறையின் தலைப்புக்கே 8 போய்விடுகிறது. 1500 என்று விட்டுவிட்டால் விசித்திரமான பழுது வரும்: கூகுள் திறக்கும், ஒரு வங்கியின் தளம் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும்.

வேகம் குறைவா, வைஃபை குறைவா?

வைஃபையில் நின்றபடி வேகத்தை அளந்துவிட்டு ஆபரேட்டரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. லேப்டாப்பை லேன் கேபிளால் மோடத்தில் செருகி அளவுங்கள். அப்போது வருவதுதான் அவர்கள் தருவது. 100 எம்.பி.பி.எஸ். திட்டத்தில் ஒரு கோப்பை இறக்கினால் நொடிக்கு 12 மெகாபைட் அளவில்தான் காட்டும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால் அது சரியான கணக்கு, ஏமாற்று இல்லை. மாத டேட்டா அளவு தாண்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

200 அல்லது 300 எம்.பி.பி.எஸ். திட்டம் வாங்கியும் 94, 95-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்று நின்றால், எங்கோ ஒரு கண்ணி 100-ல் ஓடுகிறது. ஒன்று, மோடத்தின் அல்லது ரவுட்டரின் லேன் துளையே 100 வகை. இல்லாவிட்டால் கேபிள். கேபிள் முனையின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு நிறக் கம்பிகள் வரிசையாகத் தெரியும். 100 வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி போதும். 1000 வேகத்துக்கு எட்டும் வேண்டும். அதில் ஒன்று முனைவரை எட்டாமல் நின்றாலோ, கிரிம்ப் செய்யும்போது (முனையைக் கம்பியோடு அழுத்திப் பொருத்தும்போது) முனையின் பல் அதைக் கடிக்காமல் விட்டிருந்தாலோ இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் பேசி 100-க்கு இறங்கிக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது. முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ய ஆகும் செலவு சொற்பம். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது மலிவு, ஆனால் கிரிம்ப் செய்த இடத்தில் ஒடியும், நீளம் கூடினால் திணறும்.

கேபிளில் வேகம் சரி, வைஃபையில்தான் இல்லை என்றால் சுவர்களைப் பாருங்கள். மாசி வீதி, வெளி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த செங்கல் சுவர். புதிய வீடுகளில் இரும்புக் கம்பி நிறைந்த கான்கிரீட் தளம். இரண்டும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை வெகுவாகத் தடுக்கும். ஒரே அறைக்குள் 5-தான் வேகம். இரண்டு சுவர் தாண்டினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் தாக்குப்பிடிக்கும். ரவுட்டரை இரும்பு பீரோவின் பின்னாலோ, ஃபிரிட்ஜ் பக்கத்திலோ, வாசல் மூலையிலோ வைத்துவிட்டு உள்ளறையில் சிக்னல் இல்லை என்று சொல்வதைவிட, ஐந்து மீட்டர் கேபிள் வாங்கி வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல் மாட்டுவது மேல்.

செல்லூர், வில்லாபுரம் போலச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வேறொரு தொல்லை. கைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பத்துப் பதினைந்து பெயர்கள் தெரியும். ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பது போலத்தான் இது. 2.4-ல் ஒன்றை ஒன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டும். சேனல் ஆட்டோவில் இருந்தால், வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றில் எந்தச் சேனலில் கூட்டம் குறைவு என்று பார்த்து இந்த மூன்றில் ஒன்றைக் கையால் போடுங்கள். 3, 4 என்று போட்டால் இருபக்கமும் இடிபடும். சேனல் அகலத்தை 20 ஆக வையுங்கள். 40 என்று வைத்தால் இருக்கும் கொஞ்ச இடத்தில் இரண்டு மடங்கை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள், பக்கத்து வீட்டு அலையும் அதிகமாக உள்ளே வரும்.

குறை வைஃபையிலா வெளியிலா என்று ஐயமறத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் சாளரம் இரண்டைத் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் (192.168.1.1), இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கும் பிங் கட்டளையை விடாமல் ஓடவிடுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். ரவுட்டருக்கே பதில் நூறு, இருநூறு மில்லிசெகண்ட் என்று தாவினால் வைஃபையில் குறை. ரவுட்டர் ஒற்றை இலக்கத்தில் நின்று, வெளிப் பதில் மட்டும் தாவினாலோ தவறினாலோ வெளியே குறை. இந்த இரண்டு சாளரத்தின் படத்தை எடுத்து அனுப்பினால், நெட் ஸ்லோ என்று மட்டும் சொல்வதற்கு எந்த ஆபரேட்டரும் தரும் மதிப்பைவிடக் கூடுதல் மதிப்புக் கிடைக்கும்.

மாடிக்கு இரண்டாவது ரவுட்டர் போடுபவர்கள் அதன் முகவரியை முதலில் 192.168.1.2 என்று மாற்றி, டி.எச்.சி.பி.-யை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை அதன் வான் துளையில் செருகாமல் லேன் துளையில் செருக வேண்டும். இரண்டும் 192.168.1.1 என்று இருந்தால் வீடு முழுவதும் நெட் வந்து வந்து போகும். இரண்டும் முகவரி கொடுத்தால் டி.வி. ஒரு பக்கம், கைபேசி ஒரு பக்கம் சிக்கிக்கொண்டு ஒன்றையொன்று பார்க்காது.

எல்லாம் சரி, பக்கம் மட்டும் திறக்கவில்லை

8.8.8.8-க்குப் பிங் போகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். குறை; தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வர் பதில் சொல்லவில்லை. ரவுட்டரின் டி.எச்.சி.பி. பக்கத்தில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 என்று இரண்டையும் எழுதி, கைபேசியின் வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போனில் மட்டும் இப்படி என்றால் அதன் செட்டிங்ஸில் பிரைவேட் டி.என்.எஸ். என்பதைத் தானியங்கிக்கு மாற்றிப் பாருங்கள். விளம்பரம் தடுக்க எப்போதோ எழுதிவைத்த பெயர் அங்கே கிடக்கலாம். பழைய லேப்டாப்பில் எல்லாத் தளமும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் தேதியைப் பாருங்கள். உள்ளிருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருக்கும்.

கருவியின் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை. கேபிளும் ரவுட்டரின் டி.எச்.சி.பி.-யும் சரியா என்று பாருங்கள். ரவுட்டரின் வான் ஐ.பி. 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் பழுது எதுவும் இல்லை. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியை கம்பெனி கொடுத்திருக்கிறது. நெட் ஓடும். ஆனால் ஒத்தக்கடைத் தோட்டத்தில் மாட்டிய கேமராவை வெளியூரிலிருந்து நேரடி முகவரியில் பார்க்க முடியாது. வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை தடவை செய்தாலும் பலிக்காது. கேமரா கம்பெனியின் கிளவுட் செயலியைப் பயன்படுத்துங்கள், அல்லது கட்டணம் கட்டி, உங்களுக்கென்று மாறாத முகவரியான ஸ்டேட்டிக் ஐ.பி. கேளுங்கள்.

போனில் என்ன சொல்வது

"அண்ணே, நெட்டு வரலண்ணே" என்றால், "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பதில்தான் வரும். "அண்ணே, நேத்து ராத்திரி ஒம்பது மணில இருந்து எல்.ஓ.எஸ். செவப்பா இருக்கு. வீட்டுக்குள்ள ஒயர் மடிப்பு எதுவும் இல்ல, அடாப்டர் மாத்தியும் பாத்தாச்சு. போன மாசம் பவர் மைனஸ் 19 இருந்துச்சு" என்றால் கருவியோடு ஆள் அனுப்புவார். பக்கத்து வீட்டிலும் அதே ஆபரேட்டர் என்றால் அங்கே வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். இரண்டு வீட்டிலும் இல்லை என்றால் பழுது தெருப்பெட்டியில், ஆள் உங்கள் வீட்டுக்கு வந்து நேரம் வீணாக்க வேண்டாம்.

வாய்வழியாகச் சொன்னது புகாராகாது. பில்லில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறதோ அதன் கட்டணமில்லா எண்ணிலோ செயலியிலோ பதிந்து, டாக்கெட் எண்ணை (புகார் எண்) வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் வேலை பார்ப்பவர் பெரும்பாலும் அவர்களின் பார்ட்னர்தான். தீர்வு கிடைக்காவிட்டாலும், கிடைத்த தீர்வு திருப்தியில்லை என்றாலும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் கொண்டுவந்த விதிகளின்படி அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையிடலாம். அதற்கு அந்த டாக்கெட் எண் வேண்டும். கூடவே விளக்குகளின் படம், ஆர்.எக்ஸ். பவர் பக்கத்தின் படம், பிங் சாளரங்களின் படம் மூன்றையும் தேதியோடு சேர்த்து அனுப்புங்கள்.